செவியும் ஓர் அமானத்: நான்கு இயர்போன்களும் ஒரு மாணவியும்



இயர்போன்களைப் பற்றி எழுத ஒரு மதரஸா ஆசிரியருக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். சென்ற கோடை விடுமுறை வரை எனக்கும் அது எழுதத்தக்க பொருளாகத் தோன்றியதில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு நான் இழைத்த அநீதி, நான் காதில் பொருத்தியிருந்த அந்தச் சிறு கருவியின் வழியாகவே நிகழ்ந்தது என்பதை அறிந்த பிறகு, இதை எழுதாமல் இருப்பதே தவறு என்று எண்ணுகிறேன். இணையவழியில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை அவ்வாறு ஓத அமர்த்தும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

2020இல் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் மூடப்பட்டிருந்த நாள்களில் கைப்பேசி வழியே பாடம் நடத்தத் தொடங்கினேன். மதரஸா மீண்டும் திறந்த பிறகும் அந்த வகுப்பு நிற்கவில்லை. வளைகுடா நாடுகளில் வாழும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் அதைத் தொடரும்படி கேட்டுக்கொண்டன. இப்போது பதினொரு பிள்ளைகள் அவ்வாறு ஓதுகிறார்கள். அவர்களில் ஒருத்திதான் அந்தச் சிறுமி. தெளிவான குரல், நல்ல நினைவாற்றல். சிறிய சூராக்களை மனனம் செய்துகொண்டிருந்தவள், கவ்ஸர் சூராவுக்கு வந்தபோது சிக்கல் தொடங்கியது.

அரபி ஓதத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. கவ்ஸர், நாஸ், அஸ்ர் என்னும் மூன்று சூராக்களின் பெயர்களையும் தமிழில் எழுதும்போது நாம் ஒரே ‘ஸ’வைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அரபியில் அவை மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். கவ்ஸரில் இருப்பது மூன்று புள்ளி ‘ஸா’; நாவின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தில் பட்டு, மெல்லிய காற்றாக வெளிப்படுவது. நாஸில் இருப்பது ‘ஸீன்’. கூர்மையான சீழ்க்கை போன்ற ஒலி. அஸ்ரில் இருப்பது ‘ஸாத்’. நாவின் பின்பகுதி உயர்ந்து, வாய் நிறைந்து கனமாக ஒலிப்பது. தமிழ் எழுத்துப்பெயர்ப்பைப் பார்த்து ஓதும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைக் கண் சொல்லித் தராது. காதுதான் சொல்லித் தர வேண்டும்.

அந்தச் சிறுமி ஓதுவாள். என் காதில் ‘ஸீன்’ ஒலிக்கும். “நாக்கு நுனியைப் பல்லோரத்துக்குக் கொண்டு வா, மகளே” என்பேன். மறுபடி ஓதுவாள், மறுபடியும் ‘ஸீன்’. ஆறு வாரங்கள் இப்படியே சென்றன. தொடக்கத்தில் பொறுமையாகச் சொன்னேன். பிறகு என் குரலில் சலிப்பு ஏறியது. மற்றப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “கவனம் இல்லாமல் ஓதினால் எத்தனை மாதம் ஆனாலும் வராது” என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவள் குரல் தாழ்ந்துபோனது. குரல் தாழத் தாழ எனக்கு எழுத்து இன்னும் மங்கலாகவே கேட்டது.

ஒரு வியாழக்கிழமை அவளுடைய தாயாரிடமிருந்து செய்தி வந்தது: “உஸ்தாத், வகுப்பு நேரம் வந்தாலே பிள்ளை வயிறு வலிக்கிறது என்கிறாள். கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கொள்ளலாமா?” பிழையோடு பழகிவிட்டால் பின்னர் திருத்துவது கடினம், சற்றுப் பொறுமை காட்டுங்கள் என்று பதில் அனுப்பினேன். அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை. அவ்வப்போது எடுத்துப் படித்துப் பார்க்கிறேன்.

கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வந்தார்கள். ஓர் அஸர் தொழுகைக்குப் பின் அவளுடைய நன்னியின் வீட்டுக்குச் சென்றேன். நன்னியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, அருகில் அமர்த்தி ஓதச் சொன்னேன். ஓதினாள். பல்லோரத்தில் நாவின் நுனி தெரிந்தது. மூன்று புள்ளி ‘ஸா’ அதன் மக்ரஜிலிருந்து பிசகாமல் வந்தது. மறுபடி ஓதச் சொன்னேன். அதே துல்லியம்.

“மாஷா அல்லாஹ்! எப்போதிலிருந்து இப்படி ஓதுகிறாய்?” என்று கேட்டேன்.

“எப்பவும் இப்படித்தான் உஸ்தாத் ஓதுறேன்” என்றாள்.

அதில் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. அதனாலேயே அது என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை.

வகுப்புக்கு நான் பயன்படுத்தியது, மச்சான் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த புளூடூத் இயர்போன். எடையே தெரியாது, காதில் கச்சிதமாகப் பொருந்தும். எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் 1961இல் முழுக் குர்ஆனையும் முர்த்தல் முறையில் ஒலிப்பதிவு செய்தார்கள். அந்தப் பதிவை நான் சுபுஹுக்குப் பின் இந்த இயர்போனில் கேட்பது வழக்கம். அவர்கள் மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெளிவாகக் கேட்கும். இத்தனை நல்ல கருவி என்னை ஏமாற்றும் என்று நான் எப்படி எண்ணுவேன்?

சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். குர்ஆன் வசனங்களைச் சோதனைப் பொருளாக்க மனம் ஒப்பவில்லை. எனவே அன்றாட அரபிச் சொற்கள் முப்பதைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று எழுத்துகளுக்கும் பத்துப் பத்து. என் மனைவி அவற்றைக் கலைத்துக் கலைத்துப் பல தாள்களில் எழுதித் தந்தார். சிறுமி இரண்டு தெரு தள்ளியிருந்த நன்னி வீட்டில் கைப்பேசியோடு அமர்ந்து ஒவ்வொரு சொல்லாக வாசிப்பாள். நான் என் வீட்டில் கேட்டு, எந்த எழுத்து என்று சொல்வேன். என் மகன் குறித்துக்கொள்வான். “உஸ்தாதுக்கு நான் பரீட்சை வைக்கிறேன்” என்று அவள் தன் நன்னியிடம் சொல்லிச் சிரித்தது எனக்குக் கைப்பேசியில் கேட்டது. பல வாரங்களுக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது.

முதலில் புளூடூத் கருவி. முப்பதுக்குப் பத்தொன்பது. ‘ஸாத்’ பத்தில் ஒன்பது சரி. ஆனால் ‘ஸா’வும் ‘ஸீனு’மாக இருந்த இருபதில் சரியானவை பத்து மட்டுமே. காதைப் பொத்திக்கொண்டு மனம்போனபடி சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவு வந்திருக்கும்.

இரண்டாவது, என் மகனுடைய இயர்போன். கம்பியுள்ளது, காதுக்குள் செருகுவது, அடித்தொனி மிகுதியாக வரும்படி அமைக்கப்பட்டது. இளைஞர்கள் விரும்பி வாங்கும் வகை. இதில் இருபத்து மூன்று. பிழைகளில் பெரும்பாலானவை ‘ஸீனை’ ‘ஸாத்’ என்று சொன்னவை. எல்லா ஒலிக்கும் ஒரு கனத்தை அது கூட்டிவிடுவதால், மெல்லிய எழுத்தும் கனமான எழுத்தின் உடையை அணிந்து வருகிறது.

மூன்றாவது, பழைய கைப்பேசியோடு வந்த, ரப்பர் இல்லாத வகை. காதின் வாயிலில் அமருமே தவிர உள்ளே நுழைவதில்லை. இதில் இருபத்து நான்கு. ‘ஸீனு’ம் ‘ஸா’வும் ஓரளவு பிரிந்து கேட்டன. ஆனால் காதுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே அடித்தொனி கசிந்துவிடுவதால் ‘ஸாத்’ மெலிந்து ஒலித்தது. மின்விசிறியின் ஓசையும் உள்ளே புகுந்தது. ஒலியளவை இரண்டு படி கூட்ட வேண்டியிருந்தது.

நான்காவது, கடைத்தெருவில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய, கம்பியுள்ள, காதுக்குள் செருகும் இயர்போன். வலக்காதில் அது நிற்கவே இல்லை; தாடையை அசைத்தால் நழுவியது. அந்நிலையில் இருபத்தைந்து. பிறகு பெட்டியில் இருந்த வேறு ரப்பர்களைப் போட்டுப் பார்த்தேன். என் இடக்காதுக்கு நடுத்தர அளவும் வலக்காதுக்குப் பெரிய அளவும் தேவைப்பட்டன. இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதையே அன்றுதான் அறிந்தேன். மாற்றிய பின் முப்பதுக்கு இருபத்தெட்டு. கருவி அதே கருவிதான். ஒரு துண்டு ரப்பர் மட்டுமே மாறியது.

இது ஆய்வுக்கூடச் சோதனை அன்று. ஒருவருடைய காது, ஒரு பிள்ளையின் குரல், அவ்வளவே. ஆயினும் புளூடூத் கருவியின் புதிர் என்னை விடவில்லை. ஒலிப்பதிவில் அத்தனை தெளிவு தரும் கருவி, வகுப்பில் ஏன் கைவிட்டது? கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் விளக்கினார். நாம் வெறுமனே கேட்கும்போது புளூடூத் இணைப்பு முழுவதும் ஒலியை நம்மிடம் கொண்டுவரவே பயன்படுகிறது. அழைப்பில் பேசத் தொடங்கி மைக் திறந்ததும், இணைப்பு வேறு முறைக்கு மாறிவிடுகிறது. போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் இடம் பகிரப்படுகிறது. அதனால் இரண்டும் குறுக்கப்படுகின்றன. பழைய முறையில் சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் வெட்டப்படும். சற்று மேம்பட்ட முறையில் சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை வரும்.

இதைக் கேட்டதும் தஜ்வீத் பாடம் எனக்குப் புதிதாக விளங்கியது. ‘ஸீனி’ன் சீழ்க்கையில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் எஞ்சுவது மெல்லிய காற்றொலி. ‘ஸா’வும் அத்தகைய காற்றொலிதான். இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஸாதி’ன் கனமோ அதை அடுத்து வரும் உயிரொலியைத் தாழ்த்தி ஒலிக்கச் செய்கிறது. அந்தத் தாழ்ந்த ஒலி வெட்டுக்குத் தப்பிவிடுகிறது. என் சோதனையில் ‘ஸாத்’ மட்டும் ஒன்பது சரியாக வந்த காரணம் அதுவே.

நீங்களும் இதைச் சோதிக்கலாம். புளூடூத் கருவியில் ஓர் ஓதலைக் கேளுங்கள். பிறகு அதே கருவியில் ஒருவரை அழைத்து, அதே பகுதியை ஓதச் சொல்லிக் கேளுங்கள். ஒலியின் மேல்விளிம்பு மழுங்கியிருப்பதை உணர்வீர்கள். கணினியில் வகுப்பு நடத்துவோர், அமைப்புகளில் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் இயர்போன் கேட்கும் பணியை மட்டும் செய்யும், தெளிவு குறையாது. எதிர்முனையில் பிள்ளை புளூடூத் மைக்கில் ஓதினால் இந்தக் குறுக்கம் அங்கேயே தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்க. எல்.ஈ. ஆடியோ என்னும் புதிய முறை இக்குறையைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் கைப்பேசி, இயர்போன் இரண்டுமே அதற்கு இசைந்தவையாக இருக்க வேண்டும்.

பொருத்தத்தைப் பற்றியும் சில சொற்கள். காதுமடலை மேல்நோக்கிச் சற்றே பின்னால் இழுத்துக்கொண்டு செருகினால் இயர்போன் நன்கு அமரும். அமர்ந்த பின் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் அடித்தொனி திடீரெனக் கூடினால், சாதாரண நிலையில் ஒலி கசிகிறது என்று பொருள். வேறு அளவு ரப்பரைப் போட வேண்டும். ஒளூவில் காதுக்கு மஸஹ் செய்த ஈரம் உலர்ந்த பின் அணிவது நலம். வலையில் காதழுக்கு படிந்தால் ஒரு பக்கம் ஒலி குறையும். உலர்ந்த மென்தூரிகையால் துடைக்க வேண்டும். ஒருவர் காதில் போட்டதை மற்றொருவர் போடாதிருப்பது நல்லது.

கேட்பதற்கு ஏற்ற கருவி ஓதுவதற்கு ஏற்றதாக இருப்பதில்லை என்பது நான் கற்ற மற்றொரு பாடம். இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு ஓதிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் முழங்கும். காதை இறுக அடைக்கும் இயர்போனிலும் அதுவே நிகழ்கிறது. அவ்வாறு ஓதும் பிள்ளைக்குத் தன் மெலிந்த ‘ஸாத்’தும் கனமாகவே தோன்றும். எனவே ஆசிரியராகிய நான் இரு காதுகளிலும் நன்கு பொருந்தும் கருவியை அணிகிறேன். பிள்ளைகளை ஒரு காதில் மட்டும் அணியச் சொல்கிறேன். அமைதியான அறையாக இருந்தால் இயர்போனே வேண்டாம் என்கிறேன்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று ஒலியளவு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் எல்லை. 3 டெசிபல் கூடும்போது பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. பொருந்தாத இயர்போனின் உண்மையான கேடு இங்கேதான் இருக்கிறது. வெளியோசை உள்ளே வர, பிள்ளை ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும். கேட்பது குர்ஆனாக இருப்பதால் மட்டும் காது பாதிக்கப்படாமல் இருந்துவிடாது. அளவுக்கு மீறிய ஒலியால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை.

இவை அனைத்தும் கருவி பற்றிய பேச்சு. ஆனால் பழி முழுவதையும் கருவியின் மீது சுமத்திவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த ஆறு வாரங்களும் பிள்ளையின் முகம் என் கைப்பேசித் திரையில் இருந்தது. அவள் நாவின் நுனி பல்லோரத்தில் நிற்பதை நான் பார்த்திருக்க முடியும். நானோ முஸ்ஹஃபைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் நம்பினேன். ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே அமர்ந்து, வாயைப் பார்த்து, வாயிலிருந்து வாய்க்கு ஓதல் கைமாறி வந்ததே நம் மரபு. அப்படி அமர்வது ஏன் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். தூரம் வந்தபோது அதை முதலில் மறந்தவனும் நானே.

நபி (ஸல்) அவர்கள் தமக்கே அருளப்பட்ட குர்ஆனை, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லிக் கேட்டார்கள் என்பதை நாம் அறிவோம். ஓதுவதைப் போன்றே செவிமடுப்பதும் ஒரு கடமையுள்ள செயல் என்று அந்நிகழ்ச்சியை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிப்பதையும் ஓதியிருக்கிறேன். தவறாகப் பேசினால்தான் விசாரணை என்று எண்ணியிருந்தேன் போலும். சரியாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதும் அதில் அடங்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அவர்கள் திரும்பிச் செல்வதற்கு முந்தின நாள் மறுபடியும் நன்னி வீட்டுக்குச் சென்றேன். பெற்றோர் முன்னிலையில், “மகளே, நீ சரியாகத்தான் ஓதினாய். நான்தான் சரியாகக் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு” என்றேன். அவளுடைய அத்தா, “உஸ்தாத், என்ன இது, சின்னப் பிள்ளையிடம் போய்...” என்று தடுத்தார். அடியானின் உரிமையில் வயது வேறுபாடு இல்லை என்று அவரிடம் சொன்னேன். சிறுமி சற்று யோசித்து, “அப்ப நான் கவ்ஸர் பாஸா உஸ்தாத்?” என்று கேட்டாள். “எப்போதோ பாஸ்” என்றேன். அடுத்த வகுப்பில், அவளைக் கடிந்துகொண்டதை எந்தப் பிள்ளைகள் கேட்டார்களோ அவர்கள் முன்னிலையிலும் அதையே சொன்னேன். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அந்த ஆண்டு இடையில் நின்றுபோன இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் பேசினேன். ஒருவர் மீண்டும் ஓத வந்திருக்கிறார். மற்றவர் வரவில்லை.

அந்தச் சிறுமி இப்போது அடுத்த ஜுஸ்உவுக்கு நகர்ந்திருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். நன்றாக ஓதுகிறாள். ஆனால் மூன்று புள்ளி ‘ஸா’ வரும் இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்று, திரையில் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையசைத்த பிறகே மேலே ஓதுகிறாள். அந்தத் தயக்கம் அவளுடையது அன்று, நான் கொடுத்தது. அறுநூறு ரூபாய் இயர்போனால் அதைத் திருத்த முடியாது. ஆகவே அந்த எழுத்து நெருங்கும்போதெல்லாம் முஸ்ஹஃபிலிருந்து கண்ணை எடுத்து, அவள் பார்ப்பதற்கு முன்பே நான் அவளைப் பார்த்துவிடுகிறேன்.

நம் செவிகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. அவற்றைக் கொண்டு நீதியோடு கேட்கும் பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.